பழைய சாஃப்ட்வேர் ரேடியோவா, புதுசா?



ஹாம் ரேடியோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பரீட்சை எழுதி அரசாங்க லைசென்ஸ் வாங்கியவர்கள், சொந்த ரேடியோவில் வேறு ஊர்க்காரரோடு, ஏன், வேறு நாட்டுக்காரரோடும் பேசலாம். செல்போன் டவர் தேவையில்லை. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்பவர் இப்படித்தான் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பினார்.

என் மாமாவும் ஒரு ஹாம். சாஃப்ட்வேர் ரேடியோ வாங்கப் போகிறார். பழசா புதுசா என்று வீட்டில் ஒரு மாசமா இதே பேச்சு. அதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

சாதாரண ரேடியோவில் காயில், கெப்பாசிட்டர் போன்ற பாகங்கள்தான் நமக்கு வேண்டிய நிலையத்தைப் பிரித்துக் கொடுக்கும். சாஃப்ட்வேர் ரேடியோவில், ஏரியலில் வருகிற அலை எண்களாக மாறிவிடும். அதற்கப்புறம் நிலையத்தைப் பிரிப்பது, இரைச்சலைக் குறைப்பது எல்லாமே கணக்குதான். (கணக்கு சார் சந்தோஷப்படுவார்!) அந்தக் கணக்கை யார் போடுவது என்பதில்தான் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம்.

பழசில் நம்ம கம்ப்யூட்டர் போடணும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஃப்ளெக்ஸ்ரேடியோ கம்பெனியின் எஸ்டிஆர்-1000, 2003 வாக்கில் வந்தது. அதற்குச் சவுண்டு கார்டு வேண்டும், அந்தக் காலத்துப் பிரிண்டர் ஒயர் செருகும் 25 பின் துளையும் வேண்டும். அடுத்து 2007-ல் வந்த ஃப்ளெக்ஸ்-5000 ஃபயர்வயர் என்ற ஒயரில் வேலை செய்யும். முகப்பில் திருப்புகிற குமிழே கிடையாது, எல்லாம் மவுஸில்தான்.

புதுசில் கணக்குப் போடும் சிப் ரேடியோவுக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானின் ஐகாம் கம்பெனி 2016-ல் கொண்டுவந்த ஐசி-7300 அப்படிப்பட்டது. குமிழும் உண்டு, தொடுதிரையும் உண்டு. கம்ப்யூட்டர் இல்லாமலே பேசலாம்.

மாமாவுக்கு ஆசை ஃப்ளெக்ஸ்-5000 மேல். செகண்ட் ஹேண்டில் விலை குறைவாகச் சொல்கிறார்கள். அதன் பவர்எஸ்டிஆர் மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றி எழுதலாம். ஐகாமில் அது முடியாது. பலமான சிக்னல் வந்து மோதினால் ஐகாம் திணறிப்போய் திரையில் 'ஓவிஎஃப்' என்று காட்டும் என்பதும் மாமாவின் குறை. இதெல்லாம் நியாயம்தான்.

ஆனாலும் என் ஓட்டு புதுசுக்கே. 2018-ல் கஜா புயல் வந்தபோது எனக்கு ஏழு வயசு. நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனும் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்குத்தானே ஹாம் ரேடியோ? ஐசி-7300 வெறுமனே கேட்கும்போது சுமார் 1 ஆம்பியர்தான் எடுக்கும். 40 ஆம்பியர்-அவர் கார் பேட்டரி கணக்குப்படி 40 மணி நேரம், நிஜத்தில் கொஞ்சம் குறையும். பேசும்போது முழு 100 வாட்டில் 21 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் சுருக்கமாகப் பேசணும். ஃப்ளெக்ஸ்-5000 என்றால் ரேடியோவோடு கம்ப்யூட்டரையும் சேர்த்து ஓட்டணும். லேப்டாப் சார்ஜ் தீர்ந்தால் ரேடியோ நன்றாக இருந்தும் ஊமைதான்.

இன்னொன்று, மாமாவின் புது லேப்டாப்பில் ஃபயர்வயர் துளையே இல்லை. இதைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். இப்போது ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டர் எங்கேயாவது கிடைக்குதா என்று தேடிக்கிட்டு இருக்கார்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி