நாமும் நாங்களும்: பள்ளித் தொழில்நுட்பக் கழகத்தில் தலைமையும் போட்டியும்

சிங்கப்பூரில் இணைப்பாட நடவடிக்கை என்றும் மலேசியாவில் புறப்பாட நடவடிக்கை என்றும் வழங்கும் பள்ளிப் பணிகளுள் தொழில்நுட்பக் கழகம் இன்று தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுவிட்டது. ரோபோ அமைத்தல், நிரல் எழுதுதல், செயலி உருவாக்குதல் ஆகியவை அக்கழகத்தின் வழக்கமான பணிகள். ஆண்டுக்கு ஓரிரு முறை போட்டி வருகிறது. போட்டிக்கு ஒரு குழு அமைகிறது. குழுவுக்கு ஒரு தலைவர் அமைகிறார். போட்டியைப் பற்றியும் குழுவைப் பற்றியும் நாம் நிறையவே பேசுகிறோம். தலைமை என்பது யாது என்று கேட்டால் மட்டும், 'நன்றாக நிரல் எழுதும் மாணவர்' என்றோ 'துணிவாகப் பேசும் மாணவர்' என்றோ கூறி அமைந்துவிடுகிறோம்.

இவ்விரு விடைகளும் போதா. நிரல் எழுதத் தெரிந்தவர் தாமே அனைத்தையும் செய்து முடித்துவிடலாம். அவர் நல்ல தொழில்வல்லுநர், ஆனால் தலைவரல்லர். மேடையில் துணிவாகப் பேசுபவர் பிறரைப் பேசவிடாமலும் இருக்கலாம். ஒரு மாணவரின் தலைமைப் பண்பு, அவர் பயிற்சி அறையில் தம் குழுவினரிடம் எவ்வாறு பேசுகிறார் என்பதில்தான் முதன்மையாக வெளிப்படுகிறது என்பது நம் கருத்து. அதனைக் காட்டுவதற்கு உளவியல் வினாத்தாள் எதுவும் வேண்டா. தன்மைப் பன்மை, தன்வினை பிறவினை, ஏவல் ஆகிய மூன்று இலக்கணக் கூறுகளே போதும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போட்டி எதை அளக்கிறது?

முதலில் போட்டியின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். உலக ரோபோ ஒலிம்பியாட் என்னும் பன்னாட்டுப் போட்டி 2004ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சிங்கப்பூரில்தான் நடைபெற்றது. அதில் ஒரு குழுவுக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்கள். போட்டி நடைபெறும்போது பயிற்றுநர் அவர்களுக்கு அருகே சென்று வழிகாட்ட இயலாது. முன்னரே தெரிந்த விதிகளோடு, போட்டி நாளன்று புதிய விதியொன்று அறிவிக்கப்படுவதும் உண்டு. பல வாரங்கள் பயின்று வந்த நிரலை அங்கேயே மாற்றியாக வேண்டும். அந்த வேளையில் மாணவர்களுக்குத் துணையாக இருப்பது அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு மட்டுமே.

இன்னொரு போட்டி ஃபர்ஸ்ட் லெகோ லீக். டீன் கேமன் 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பும் லெகோ நிறுவனமும் இணைந்து உருவாக்கிய போட்டி இது. ஒரு குழுவில் பத்து மாணவர்கள் வரை இருக்கலாம். ரோபோ மேசைமீது இயங்கும் நேரம் இரண்டரை நிமிடங்களே. அண்மை ஆண்டுகளின் விதிகளின்படி, ரோபோவின் ஆட்டம், ரோபோவின் வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அடிப்படை விழுமியங்கள் ஆகிய நான்கும் சம மதிப்புடையவை. ஆட்டத்தின் புள்ளிகள் மேசைமீது கிடைக்கின்றன. மற்ற மூன்றும் பெரும்பாலும் நடுவர்முன் மாணவர்கள் விளக்கிப் பேசுவதைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன. நடுவர் அறையில் ஆசிரியர் விடை கூறக் கூடாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராக விளங்கிய உட்டி ஃபிளவர்ஸ், கடுமையாகப் போட்டியிடும்போதே எதிரணியை மதித்து உதவும் பண்பை இவ்வமைப்பின் அடிப்படை நெறியாக வகுத்தளித்தார். அதனைத் தமிழில் 'பண்பார்ந்த தொழில்நேர்மை' எனலாம்.

ஆகவே, தொழில்நுட்பப் போட்டி எந்திரத்தை மட்டும் அளப்பதன்று. எந்திரத்தைச் சூழ்ந்து நிகழும் பேச்சையும் அளக்கிறது. இந்த அளவீட்டின் விளைவு கழகத்தோடு நின்றுவிடுவதுமில்லை. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவரின் இணைப்பாடப் பங்களிப்பு தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை என்னும் நான்கு கூறுகளாகப் பதிவு செய்யப்படுகிறது. மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. தலைவர் பதவி ஒன்று. அதனை விரும்புவோர் பலர். எனவே வெளிப்போட்டி தொடங்குவதற்கு முன்னரே குழுவுக்குள் ஒரு போட்டி தொடங்கிவிடுகிறது. அந்த உட்போட்டி குழுவை வளர்க்குமா, பிளக்குமா என்பதே ஆசிரியர்கள் கவலைகொள்ள வேண்டிய வினா.

தன்மைப் பன்மையின் இரு வடிவங்கள்

ஆங்கிலத்தில் 'வீ' என்னும் ஒரே சொல் கேட்பவரையும் உட்படுத்தும். கேட்பவரை விலக்கியும் நிற்கும். தமிழில் அவ்வாறன்று. 'நாம்' என்றால் கேட்பவரும் அதனுள் அடங்குவர். 'நாங்கள்' என்றால் கேட்பவர் அதற்குப் புறத்தே நிற்பர். பழந்தமிழில் 'யாம்' என்பது விலக்கும் வடிவம். நம் இலக்கண நூலார் பிறரைச் சேர்த்துக் கூறும் தன்மைப் பன்மையை 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்று பெயரிட்டுப் போற்றினர். நம்மோடு அடுத்த வீட்டில் வாழும் மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு: 'கித்தா' என்பது கேட்பவரைச் சேர்க்கும், 'காமி' என்பது விலக்கும். இவ்வட்டாரத்துத் தமிழ் மாணவருக்கு இந்நுட்பம் இரு மொழிகளில் கிடைக்கிறது. கழகத்தின் வேலைமொழி ஆங்கிலமாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது.

எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை எண்ணிப் பார்ப்போம். மூவர் நிரல் எழுதுகின்றனர். மூவர் ரோபோவைக் கட்டுகின்றனர். இருவர் புத்தாக்கத் திட்டத்துக்கான தகவல்களைத் திரட்டுகின்றனர். தலைவர் நிரல் எழுதும் மூவருள் ஒருவர். ஒரு நாள் அவர் மற்றவர்களிடம், "முன்சக்கரத்தை மாற்றிவிட முடிவு செய்துவிட்டோம்" என்று அறிவிக்கிறார். வினைமுற்று வடிவத்தில் 'செய்துவிட்டோம்' என்பது இரண்டுக்கும் பொது. எழுவாயை வருவித்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். அது 'நாம்' என்றால், அனைவரும் அமர்ந்து ஆய்ந்து எடுத்த முடிவு. 'நாங்கள்' என்றால், மூவர் எடுத்த முடிவு ஐவருக்கு அறிவிக்கப்படுகிறது. கட்டும் பணியில் உள்ள மாணவர் அக்கணமே குழுவின் உறுப்பினர் என்னும் நிலையிலிருந்து ஏவலர் என்னும் நிலைக்குத் தாழ்கிறார். பூசல் பெரும்பாலும் இவ்வாறுதான் தொடங்குகிறது. அது திறமைக் குறைவால் வருவதன்று.

இதனால் 'நாம்' என்பது எப்போதும் நல்லது, 'நாங்கள்' என்பது எப்போதும் தீயது என்று கொள்ளலாகாது. நடுவரிடம் பேசும்போது "நாங்கள் இவ்வாறு செய்தோம்" என்பதே முறை. நடுவர் குழுவின் உறுப்பினர் அல்லர். எதிரணிக்கு உதிரிப் பாகம் கொடுத்து உதவும்போதும் 'நாங்கள்', 'நீங்கள்' என்னும் எல்லை இருக்கவே செய்யும். மறுபுறம், 'நாம்' பொய்யாகவும் வழங்கக்கூடும். தாம் ஒரு கையும் நீட்ட எண்ணாத தலைவர், "நாம் இந்த மேசையைத் துடைத்துவிடுவோமா?" என்று கேட்டால், அது கட்டளைக்கு இட்ட மேற்பூச்சு. ஒருவரே எழுதிய நிரலை "நாம் எழுதினோம்" என்று நடுவர்முன் பெருமையாகக் கூறச் சொல்வதும் அவ்வாறே. இரண்டாம் வினா எழுந்தவுடன் அப்பொய் வெளிப்பட்டுவிடும்; மற்ற எழுவரும் விடை தெரியாமல் நிற்பர். 'நாம்' என்று சொல்லும் உரிமை, உழைப்பையும் அறிவையும் பகிர்ந்த பின்னரே கிடைக்கிறது.

உடைந்ததா, உடைத்ததா?

ரோபோ பழுதுபடும். கம்பி கழலும், உணர்கருவி தவறாகக் காட்டும், மின்கலம் தளரும்போது நேற்று சரியாகத் திரும்பிய வண்டி இன்று பாதியில் நின்றுவிடும். பழுதைக் கண்டறிந்து நீக்குவதே இக்கழகங்களில் மாணவர் பெறும் தலையாய கல்வி. அங்கே தமிழ் வினைச்சொற்களின் அமைப்பு நமக்கு ஓர் அரிய கருவியைத் தருகிறது.

உடைந்தது, உடைத்தது, கழன்றது, கழற்றியது, திரும்பியது, திருப்பியது, நின்றது, நிறுத்தியது. இவ்விணைகளை நாம் பள்ளியில் தன்வினை, பிறவினை என்று கற்றோம். மொழியியலறிஞர் கு. பரமசிவம் இவ்வேறுபாட்டை 'இயங்குவினை', 'இயக்குவினை' என்னும் பெயர்களால் விளக்கினார். ரோபோவைக் கையாளும் மாணவர்க்கு இதனினும் பொருத்தமான பெயர்கள் கிடைக்கமாட்டா. ஒன்று, நிகழ்ச்சி எவ்வாறு நடந்தது என்பதைக் கூறும். மற்றொன்று, அதனை யார் நிகழ்த்தினார் என்பதைக் கூறும்.

வண்டி சுவரில் மோதியதும் தலைவர், "யார் இதை உடைத்தது?" என்று கேட்டால், குழுவினர் அனைவரும் தற்காப்பில் இறங்குவர். காரணம் தேடும் பணி நின்றுபோகும். "எப்படி உடைந்தது?" என்று கேட்டால், மோதியபோது வேகம் எவ்வளவு, எந்த அச்சு தளர்ந்திருந்தது, யாருக்கு எது கண்ணில் பட்டது என்னும் செய்திகள் வெளிவரும். முதல் வினா ஆளைத் தேடுகிறது. இரண்டாம் வினா காரணத்தைத் தேடுகிறது. நேரம் குறைவாக உள்ள போட்டி நாளில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வெற்றி தோல்வியையே முடிவு செய்யக்கூடும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'உடைந்துவிட்டது', 'அழிந்துவிட்டது' என்று எல்லாவற்றையும் தானாக நிகழ்ந்ததாகக் கூறிப் பொறுப்பிலிருந்து தப்பவும் தமிழ் இடங்கொடுக்கும். எனவே முறை இதுதான்: காரணத்தைத் தேடும் வரையில் இயங்குவினை, பொறுப்பேற்கும் இடத்தில் இயக்குவினை. "திருகாணி தளர்ந்திருந்தது; அதைச் சோதிக்க வேண்டியவன் நான், சோதிக்கவில்லை" என்று ஒரு மாணவர் அஞ்சாமல் கூற முடிந்தால், அக்குழுவின் தலைமை நன்கு அமைந்திருக்கிறது என்று துணியலாம். அவ்வாறு கூறுவதற்குத் தலைவரே முதல்வராக இருப்பது சிறப்பு.

ஏவலும் எஞ்சி நிற்பதும்

'செய்' என்பது ஏவல், 'செய்யுங்கள்' என்பது மதிப்புடன் கூடிய ஏவல், 'செய்வோம்' என்பது சொல்பவரையும் செயலில் பிணைக்கும் வடிவம், 'செய்து பார்க்கலாமா?' என்பது மறுக்கும் உரிமையைக் கேட்பவருக்கு அளிக்கும் வடிவம். நல்ல தலைவர் இந்நான்கையும் இடமறிந்து ஆள்வார். வண்டி மேசையிலிருந்து விழப்போகும் நொடியில் 'பிடி!' என்பதே சரி. உத்தியை வகுக்கும் கூட்டத்தில் அதே தொனி தொடர்ந்தால் உயர்நிலை ஒன்று மாணவர் தம் எண்ணத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுவார். அவர் சொல்லாமல் விட்ட எண்ணம் ஒருவேளை குழுவுக்குத் தேவைப்பட்ட எண்ணமாக இருந்திருக்கலாம்.

பள்ளிக் கழகத்துக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதன் வல்லுநர்கள் ஆண்டுதோறும் வெளியேறுகின்றனர். மூத்த மாணவர் தேர்வெழுதிச் சென்றபின், அவர் அறிந்தவையும் அவரோடு சென்றுவிட்டால், கழகம் அடுத்த ஆண்டு மீண்டும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். கோப்பை காட்சிப் பேழையில் இருக்கும்; அதை வென்ற அறிவு பள்ளியில் இராது. ஆதலின் மாணவத் தலைமையின் இறுதித் தேர்வு போட்டி மேடையில் நடைபெறுவதன்று. தலைவர் இல்லாத முதல் வாரத்தில் குழு என்ன செய்கிறது என்பதே அத்தேர்வு.

வகுப்பறைக்குச் சில நடைமுறைகள்

ஆசிரியர்கள் எளிதாகத் தொடங்கக்கூடிய மூன்று பழக்கங்களைப் பரிந்துரைக்கிறோம். ஒன்று, நடுவர்முன் பேசும் பயிற்சியில் ஒவ்வொருவரும் தாம் செய்யாத பணியை விளக்க வேண்டும்: நிரல் எழுதியவர் சக்கர அமைப்பையும், கட்டியவர் நிரலையும் விளக்கட்டும். 'நாம்' என்பது உண்மையாகும் வழி இதுவே. இரண்டு, பழுதுக் குறிப்பேடு ஒன்றை வைத்து, 'என்ன நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, என்ன மாற்றினோம்' என்று எழுதச் செய்யலாம். அதில் ஆள் பெயர் வேண்டா. நாள் மட்டும் போதும். அடுத்த ஆண்டு மாணவர்க்கு அதுவே பாடநூலாகும். மூன்று, கூட்டத்தை நடத்தும் பொறுப்பு முறைவைத்து அனைவரிடமும் செல்லட்டும். பதவி ஒருவரிடம் இருக்கலாம். தலைமைப் பயிற்சி அனைவருக்கும் உரியது.

இவற்றைத் தமிழில் செய்ய வாய்ப்புள்ள இடங்களில் தமிழிலேயே செய்ய வேண்டும் என்பது நம் வேண்டுகோள். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அதற்கு இயல்பாகவே இடமுண்டு. சிங்கப்பூரில், தமிழ் வகுப்பின் வாய்மொழிப் பயிற்சியாகத் தம் ரோபோவை விளக்குமாறு கழக மாணவரைக் கேட்கலாம். மோட்டார் என்னும் சொல்லையோ ரோபோ என்னும் சொல்லையோ கண்டு தயங்க வேண்டுவதில்லை. அவை நம் பேச்சில் கலந்துவிட்ட சொற்கள். மாணவர் இழக்கக் கூடாதவை சொற்களினும் ஆழமானவை. நாம், நாங்கள் என்பவற்றுக்கும், உடைந்தது, உடைத்தது என்பவற்றுக்கும், செய், செய்வோம் என்பவற்றுக்கும் இடையே நம் முன்னோர் கண்ட வேறுபாடுகளே அவை. பத்துப் பேர் ஒரு மேசையைச் சூழ்ந்து நின்று, ஒருவர் மற்றவரைச் சிறுமைப்படுத்தாமல் வேலை செய்வதற்கு அவ்வேறுபாடுகள் இன்றும் பயன்படுகின்றன.