ஐந்து நிமிடமும் இரண்டு நிமிடமும்

போன வாரம் பிரம்மோஸைப் பார்த்தோம். ஒலியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம் அதற்கு. இந்த வாரம் அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று: ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் சப்சோனிக் குரூஸ் ஏவுகணை, ஒலியைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டிப் பாயும் ஹைப்பர்சோனிக்.

1998 ஆகஸ்ட் 20. அரபிக்கடலில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் பகுதி முகாம்களை நோக்கி டோமஹாக் ஏவுகணைகளைச் செலுத்தின. குறி, ஒசாமா பின்லேடன். டோமஹாக்கின் வேகம் மணிக்குச் சுமார் 880 கி.மீ.; பயணிகள் விமானத்தின் வேகம்தான். போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. முகாம்கள் சிதைந்தன, பின்லேடன் சிக்கவில்லை. இன்னும் வேகமான ஆயுதம் வேண்டும் என்று அமெரிக்காவில் வாதாடியவர்கள் பிறகு திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது இந்தத் தாக்குதலைத்தான்.

அந்த வேகத்தை எட்டுவது சாமானியமான வேலை இல்லை. டோமஹாக்கில் இருப்பது சிறிய டர்போஃபேன் இன்ஜின். விமான இன்ஜினின் தம்பி. ஹைப்பர்சோனிக் குரூஸ் ஏவுகணையில் இருக்கும் ஸ்க்ராம்ஜெட்டிலோ, காற்றை அழுத்தச் சுழலும் விசிறியே கிடையாது. பாயும் வேகத்திலேயே காற்று அழுந்துகிறது. ஒலியைவிட வேகமாக உள்ளே ஓடும் அந்தக் காற்றில், விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் எரிபொருள் பற்றி எரிந்தாக வேண்டும். 2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசா கடற்கரையில் நம் டி.ஆர்.டி.ஓ. இதைச் செய்து காட்டியது. ராக்கெட் ஒன்று சோதனைக் கலத்தை 30 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. ஸ்க்ராம்ஜெட் 20 விநாடிக்கு மேல் எரிந்தது. உள்ளே வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த 20 விநாடிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அப்படியானால் வேகமானதுதான் எப்போதும் ஆபத்தானதா? கப்பலில் நிற்பவரின் இடத்திலிருந்து ஒரு கணக்குப் போடுவோம். கப்பலின் ரேடார் கடலுக்கு மேல் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அலைகளை ஒட்டி 10 மீட்டர் உயரத்தில் வரும் சப்சோனிக் ஏவுகணையைப் பூமியின் வளைவு மறைத்துக்கொள்ளும். ரேடாரில் அது தட்டுப்படும்போது தூரம் சுமார் 30 கி.மீ. கையில் இருப்பது இரண்டே நிமிடம். ஹைப்பர்சோனிக்கால் அவ்வளவு தாழப் பறந்து வர முடியாது. கீழே காற்றின் அடர்த்தியும் உராய்வு வெப்பமும் அதை விடாது. 25 கி.மீ. உயரத்தில் வருவதால் 600 கி.மீ.க்கு அப்பாலேயே அடிவானத்துக்கு மேல் வந்துவிடும். ஒலியைப் போல் ஆறு மடங்கு வேகம் என்றாலும், வலுவான ரேடார் உள்ள கப்பலுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைப் பயன்படுத்துவதுதான் கஷ்டம். விநாடிக்கு ஏறத்தாழ 2 கி.மீ. கடக்கிற, வழியிலேயே திசை மாற்றக்கூடிய ஒன்றை நம் ஏவுகணை எந்த இடத்தில் போய் மறிப்பது? சப்சோனிக் விஷயத்தில் கண்டுபிடிப்பது கடினம். கண்டுவிட்டால் வீழ்த்துவது ஒப்பீட்டளவில் எளிது. பலர் வேகத்தை மட்டும் வைத்து ஏவுகணைகளைத் தரம் பிரிக்கிறார்கள். அது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் படையின் தலைமைக் கப்பலான மாஸ்க்வா மூழ்கியது. எஸ்-300 வான் பாதுகாப்பு ஏவுகணைகளைச் சுமந்த கப்பல் அது. அதைத் தாக்கியவை உக்ரைனின் இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள். இரண்டும் சப்சோனிக்.

(தொடரும்)