அப்பாவை எங்கே விடுவது? முதியோர் இல்லம் தேடும் குடும்பங்களுக்கு

சென்ற வருடம் சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். 1990இல் ஒரு தடவை, 2007இல் மறு தடவை என்று படுவான்கரையிலிருந்து இரண்டு முறை உடுத்த துணியோடு வாவியைக் கடந்த குடும்பம் அது. தகப்பனாருக்கு வயது 79. பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. ஊன்றுகோலுடன் மெதுவாக நடப்பார். தாயார் உயிரோடு இல்லை. கடன் அடைக்க வழியின்றி மகள் மத்திய கிழக்குக்குப் புறப்பட வேண்டிய நிலை.

"பாதர், அப்பாவ டவுணுல ஒரு நல்ல ஹோமில சேர்க்கணும். ஊராக்கள் என்ன சொல்லுவாங்களோ தெரியா" என்று சொல்லி அழுதார்.

அந்த அழுகை இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஆகவே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம்.

மகளின் குற்றமா?

மட்டக்களப்புப் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். மகள் மணம் முடித்ததும் பெற்றோர் அதே வளவில் அல்லது பக்கத்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். முதுமையில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது முதல் கண் மூடும் வரை பார்ப்பது மகள்தான். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு வளவு வேண்டும். மகள் வீட்டில் இருக்கவும் வேண்டும். யுத்தம் வளவைப் பறித்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த கடல் எழுவான்கரையில் எஞ்சியதை வாரிக்கொண்டு போனது. கடனும் வெளிநாட்டு வேலையும் மகளையே கொண்டு போகின்றன. முறை உடைந்ததற்கு மகளின் அன்பு குறைந்ததுதான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 100 பேரில் 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அந்தத் தொகை கூடிக்கொண்டே வருகிறது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. வசதியிருந்தும் பராமரிக்காத பிள்ளைகள் மீது பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். பிள்ளைகள் இல்லாத, அல்லது கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் வழங்கும் பொறுப்பை அரசின் மீதும் அச்சட்டம் வைக்கிறது. எனவே இல்லத்தில் சேர்ப்பது சட்டத்துக்கு மாறானதல்ல. சேர்த்துவிட்டு மறப்பதுதான் தவறு.

மூன்று இல்லங்களைப் பார்த்தோம்

மகளும் நானும் மூன்று இடங்களுக்குப் போனோம். பெயர்கள் வேண்டாம்.

முதலாவது இல்லத்தில் தரையெல்லாம் மாபிள். வாசலில் பூச்சாடிகள். மகளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் காலை பத்து மணிக்கும் எல்லோரும் கட்டிலிலேயே கிடந்தார்கள். தண்ணீர்ப் போத்தல் கைக்கு எட்டாத மேசையில் இருந்தது. குடும்பத்தார் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வரலாம் என்றார்கள்.

இரண்டாவது, மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லம். பயிற்சி பெற்ற தாதி இருந்தார். சுத்தமும் இருந்தது. ஆனால் கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்டபோது ஒவ்வொன்றாகக் கழன்றது. மருந்து வேறு, பம்பஸ் வேறு, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வாகனம் வேறு. எழுத்தில் எதுவும் இல்லை.

மூன்றாவது பழைய கட்டடம். ஒரே மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள். தனியறை இல்லை. ஆனால் திண்ணையில் நான்கு அம்மாமார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பணிப்பெண் ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டார். மலசலகூடத்தில் கொமட்டும் பிடித்து எழும்பக் கம்பியும் இருந்தன. ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியும் பெயரிட்டு அடுக்கப்பட்டிருந்தது. ஒரு குறை: தானாக நடமாடக்கூடியவர்களையே சேர்ப்பார்கள்.

குறையில்லாத இல்லம் எங்கும் கிடையாது. எந்தக் குறையோடு நம் பெரியவர் வாழலாம், எந்தக் குறை அவரைக் கொல்லும் என்று பிரித்தறிவதே தெரிவு. தனியறை இல்லாமல் வாழலாம். தண்ணீர் எட்டாமல் வாழ முடியாது.

எதைப் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களை ஓர் ஆணைக்குழு சோதித்து, "மிகச் சிறந்தது" முதல் "போதாது" வரை நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து அறிக்கையை வெளியிடுகிறது. லண்டனில் உள்ள உறவினர்கள் அதை வாசித்துத் தெரிவு செய்யலாம். நம் கிராமத்துக் குடும்பத்தின் கையில் அப்படி ஓர் அறிக்கை இல்லை. நம் கண்ணும் மூக்கும் நாம் கேட்கும் கேள்விகளுமே பரிசோதகர்கள்.

1. *பதிவு.* முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள்.

2. *இரண்டு முறை போங்கள்.* முதல் தடவை சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில். கை நடுங்குபவருக்கு ஊட்டிவிட ஆள் உண்டா, கோப்பை வைத்தபடியே திரும்பிப் போகிறதா என்று கவனியுங்கள்.

3. *கட்டிலோடு இருப்பவரைப் பாருங்கள்.* ஓர் இல்லத்தின் உண்மை அங்கேதான் தெரியும். புரளமுடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். நகம் வெட்டியிருக்கிறதா, விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போனதும் மூத்திர நெடி முகத்தில் அடித்தால் காரணம் கேளுங்கள்.

4. *இரவு.* பகலில் பத்துப் பேர் நிற்பார்கள். இரவில் எத்தனை பேர்? பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் மலசலகூடத்துக்கு எழும்பும்போதுதான். வெளிச்சம் உண்டா? கூப்பிட்டால் கேட்குமா?

5. *மருந்து.* நீரிழிவு, அழுத்தம் உள்ளவரை மாதாந்தக் கிளினிக்குக்கு யார் கொண்டுபோவது? போதனா வைத்தியசாலையில் அனுமதித்தால் வாட்டில் பக்கத்தில் நிற்பது யார்? இதை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

6. *பணமும் காணியும்.* கட்டணம், முற்பணம், மேலதிகச் செலவு அனைத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பெரியவருக்கு முதியோர் கொடுப்பனவு கிடைத்தால் அது யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள். பராமரிப்புக்குப் பதிலாகக் காணி உறுதியிலோ அனுமதிப்பத்திரத்திலோ கைநாட்டு வைக்கச் சொன்னால், அது இல்லமானாலும் சரி, உறவினரானாலும் சரி, சட்ட ஆலோசனை பெறாமல் வைக்க வேண்டாம்.

7. *வழிபாடு.* இல்லத்தை நடத்துவது எந்தச் சமயத்தாராக இருந்தாலும், பெரியவர் திருநீறு பூசவோ செபமாலை சொல்லவோ தொழவோ தடையிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவருக்கு அது கிடைக்க வேண்டும். இறந்தபின் கிரியை யார் செய்வது என்பதையும் கூச்சப்படாமல் கேட்டு வையுங்கள்.

8. *தூரம்.* இதைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். முதலில் நினைக்க வேண்டியது இதுதான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் பாதைக்குக் காத்திருக்காமல் வாவியைக் கடக்கிறார்கள். அப்படியிருந்தும் இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்துக்குக் கிழமைதோறும் யார் போவார்? அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் பெரியவரை ஊழியரும் கவனமாகப் பார்ப்பார்கள். நீங்கள் போகக்கூடிய சாதாரண இல்லம், போக முடியாத சிறந்த இல்லத்தைவிட மேலானது.

வசதியில்லாத குடும்பங்கள் முதலில் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை போன்றவை தேவைப்படும். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் இப்போதே பிரதி எடுக்க விண்ணப்பியுங்கள். அவசரம் வந்தபின் ஓடினால் காலம் போதாது.

நாங்கள் கேட்க மறந்த ஒருவர்

மூன்று இல்லங்களையும் பார்த்துவிட்டு, மூன்றாவதே நல்லது என்று மகளும் நானும் முடிவெடுத்துவிட்டோம். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தொண்ணூறிலயும் ஒருத்தரும் கேட்கல்ல. ரெண்டாயிரத்து ஏழிலயும் கேட்கல்ல. ஓடு எண்டாங்க, ஓடினன். இப்பயும் கேட்காமத்தான் சொல்றீங்க."

எனக்கு வெட்கமாயிற்று. இருபது வருடமாக மக்களின் பங்கேற்பு என்று கூட்டங்களில் பேசுகிறவன் நான். போகப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவரையே கூட்டிக்கொண்டு போனோம். அவர் கட்டடத்தைப் பார்க்கவில்லை. பின்வளவுக்குப் போய் மண்ணைக் காலால் கிண்டினார். "ஒரு கீரைப்பாத்தி போட விடுவீங்களா? சனிக்கிழமையில பேத்தி வரலாமா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஆம் என்றார்கள். ஒரு மாதம் இருந்து பார்ப்பது, பிடிக்காவிட்டால் பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் சிறிய தாயார் வீட்டுக்குத் திரும்புவது என்று பேசிக்கொண்டோம். அந்த மாதம் முடிந்தும் அவர் அங்கேயே இருக்கிறார். எல்லா நாளும் சந்தோசமாக இருக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். நடை நின்றுபோனால் என்ன செய்வது என்ற கேள்வியும் தீரவில்லை. சிறிய தாயாரோடு அதைப் பேசி வருகிறோம். ஆனால் சனிக்கிழமைகளில் பேத்தி ஒரு பிடி கீரையோடு வீட்டுக்குத் திரும்புகிறாள்.

1839இல் பிரான்சில் ஜான் யூகான் என்ற ஏழைப் பெண், பார்வையற்று முடங்கிக் கிடந்த மூதாட்டி ஒருவரைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்து தன் கட்டிலையே கொடுத்தார். இன்று உலகெங்கும் முதியோர் இல்லங்களை நடத்தும் ஏழைகளின் சின்னச் சகோதரிகள் சபை அந்தக் கட்டிலிலிருந்து தொடங்கியது. அந்தக் கட்டிலைக் கொடுக்க முடியாத நிலையில் இன்று நம்மில் பலர் இருக்கிறோம். கேட்காமல் இடம்பெயர்வதன் வலி நமக்குத் தெரியும். அதை நம் பெற்றோருக்கு இன்னொரு முறை கொடாதிருப்போம்.

சங்கக் கூட்டங்களில் கலந்துரையாட:

நம் கிராமத்தில் தனியே வாழும் முதியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் யாருடைய பத்திரங்கள் இன்னும் சரி செய்யப்படவில்லை? இல்லத்தில் இருக்கும் நம் ஊரவரைப் பார்க்க மாதம் ஒருவர் முறைவைத்துப் போக நம் சங்கம் ஆயத்தமா?