பழைய டீசல் காரின் புகை

ஆவடிக்கு மேற்கேயுள்ள திருவள்ளூரில் 1998-இல் மிட்சுபிஷி லான்சர் கார் உற்பத்தி தொடங்கியது. அக்காலத்து டீசல் காரைக் குடும்பத்திற்கெனப் பேணிவரும் அங்கத்தினர்கள், எஞ்சினைப் பிரிக்க இசையுமுன் புகையின் நிறத்தைக் கவனித்தல் நலம்.

கரும்புகை, எரிபொருளுக்கேற்ற காற்று இன்மையையோ இஞ்செக்டர் பழுதையோ குறிக்கும். புழுதி மிகுந்த சாலைகளில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடுமாதலால் அதனையே முதலில் பார்த்தல் வேண்டும். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கலாம். காலையில் மட்டும் தோன்றும் வெண்புகைக்கு ஹீட்டர் பிளக்கின் பழுது காரணமாகலாம். அது நீடித்து, ரேடியேட்டர் நீரும் குறையுமாயின், ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கும்வரை வண்டியை ஓட்டலாகாது.

வடிகட்டியை மாற்றும் செலவு சிறிது; எஞ்சினைப் பிரிக்கும் செலவோ குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும்.