வெப்பத்திற்கும் உண்டு வரவு செலவு

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். வரவிலிருந்து செலவைக் கழித்தால் கையிருப்பு வரவேண்டும். வராவிட்டால் பால்காரருக்கோ இஸ்திரிக்காரருக்கோ கொடுத்தது எழுதாமல் விட்டுப் போயிருக்கிறது என்று பொருள். இயற்கையும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று பள்ளியில் படித்தோமே, அதுதான்.

பொருள்களில் வெப்பமும் நீரோட்டமும் எப்படி இருக்கும் என்று கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் தொழில். பாய்லர், கார் ரேடியேட்டர், மொட்டைமாடி சோலார் ஹீட்டர் என்று எதை எடுத்தாலும், உள்ளே இருப்பது குழாயும் அதில் ஓடும் நீரும்தான். கணிப்பொறி தரும் வண்ணப் படங்களை நம்புவதற்கு முன் செய்தாக வேண்டிய ஒரு சோதனையை இங்கே விளக்க விரும்புகிறேன்.

கணிப்பொறி செய்வது என்ன?

குழாயின் உட்பகுதியை லட்சக்கணக்கான சிறு அறைகளாகப் பிரித்துக் கொள்கிறோம். ஓர் அறையை விட்டுப் போன வெப்பம் பக்கத்து அறைக்கு வந்தே தீரவேண்டும் என்பது விதி. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர் சுஹாஸ் பாட்டண்கர். நம் புனேயில் பொறியியல் படித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் முதுநிலை முடித்து, லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனவர். நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைத்துக் கணக்கிட அவரும் பேராசிரியர் ஸ்பால்டிங்கும் 1972-ல் வெளியிட்ட 'சிம்பிள்' முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

முதலில் கைக்கணக்கு

20 மில்லிமீட்டர் உள்விட்டம், 2 மீட்டர் நீளம் உள்ள குழாய். அதில் வினாடிக்கு 0.2 கிலோ தண்ணீர் 20 டிகிரியில் நுழைகிறது. சுவரின் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு 40,000 வாட் வீதம் வெப்பம் கொடுக்கிறோம்.

சுவரின் பரப்பு 0.1257 சதுர மீட்டர். ஆக மொத்த வரவு சுமார் 5,027 வாட். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,180 ஜூல் தேவை. எனவே இந்த ஓட்டத்தை ஒரு டிகிரி உயர்த்த 836 வாட் வேண்டும். 5,027-ஐ 836-ஆல் வகுத்தால் 6. தண்ணீர் 26 டிகிரியில் வெளியே வரணும், அவ்வளவுதான். ஒரு கால்குலேட்டர் போதும். தண்ணீர் குழாயில் உராய்வதாலும் கொஞ்சம் சூடு பிறக்கும். ஆனால் இங்கே அது அரை வாட் கூடத் தேறாது, விட்டுவிடலாம்.

கணக்கு எங்கே இடிக்கும்?

முதல் காரணம் அவசரம். கணிப்பொறி ஓர் உத்தேச விடையில் தொடங்கி, அதைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகிறது. பாதியில் நிறுத்தினால் வெளிவாயில் 24 டிகிரி காட்டலாம். அப்படியானால் தண்ணீர் எடுத்துப் போனது 3,344 வாட்தான். மீதி 1,683 வாட் எங்கே? விடை இன்னும் நிலைப்படவில்லை என்று அர்த்தம். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் அந்த விடையை ஏற்பதில்லை.

இரண்டாவது, சராசரி எடுக்கும் விதம். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். வெளிவாயைச் சம பரப்புள்ள இரண்டு பகுதிகளாக வைத்துக்கொள்வோம். நடுவில் 24 டிகிரி, ஓரத்தில் 30 டிகிரி. சாதாரண சராசரி 27. ஆனால் நடுவில் தண்ணீர் ஓரத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடினால், இரண்டு பங்கு 24-ஐயும் ஒரு பங்கு 30-ஐயும் கூட்டி மூன்றால் வகுக்கணும். கிடைப்பது 26. வெப்பத்தைச் சுமந்து போவது ஓடுகிற தண்ணீர். எனவே ஓட்டத்தின் அளவுக்கு ஏற்ற சராசரிதான் சரி.

மூன்றாவது, குழாயின் வடிவம். கணிப்பொறியின் அறைகளுக்கு நேரான ஓரங்கள்தான் இருந்தால், வட்டம் பலகோணமாகிவிடும். வட்டத்துக்குள் வரைந்த 12 பக்கக் கோணமானால் சுற்றளவு 1.1 சதவீதமும் உட்பரப்பு 4.5 சதவீதமும் குறையும். சுவர் வழி வரவேண்டிய வெப்பத்தில் 57 வாட் அப்போதே போச்சு. கணிப்பொறியின் சொந்தக் கணக்கில் வரவும் செலவும் பொருந்தியிருக்கும். நம் கைக்கணக்கோடுதான் ஒட்டாது. ஆகவே இரண்டு கணக்கையும் பார்க்க வேண்டும்.

வெப்பத்துக்குப் பதில் சுவரின் வெப்பநிலையைக் கொடுத்திருந்தால், வெளிவாய் வெப்பநிலையை இவ்வளவு எளிதாகக் கையால் சொல்லமுடியாது. அப்போதும் சுவர் கொடுத்ததும் தண்ணீர் கொண்டுபோனதும் சமமாக வேண்டும்.

கணக்கு பொருந்தினால் விடை சரியா?

இல்லை. வரவு செலவு சரியாக எழுதிய நோட்டு, வாங்கிய கத்தரிக்காய் சொத்தையா என்று சொல்லுமா? அதுபோலத்தான் இதுவும்.

நம் குழாயின் சுவர் எவ்வளவு சூடாகும்? டிட்டஸ், போல்ட்டர் இருவரும் 1930-ல் தந்த சூத்திரத்தில் போட்டால், சுவர் தண்ணீரை விட ஏறக்குறைய 14 டிகிரி அதிகமாக, அதாவது வெளிவாய் அருகே 40 டிகிரியில் இருக்கும். இந்தச் சூத்திரமே சற்று முன்பின் இருக்கக்கூடியதுதான். அந்த 14 டிகிரியில் பெரும்பகுதி சுவரை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில்தான் இறங்குகிறது. அங்கே அறைகளைப் பருமனாகப் போட்டுவிட்டால், அல்லது கொந்தளிப்பைக் கணக்கிடும் முறை பொருந்தாமல் போனால், சுவர் வெப்பநிலை தப்பாக வரும். தண்ணீர் மட்டும் அப்போதும் 26 டிகிரியிலேயே வெளிவரும், ஏனென்றால் வெப்பத்தின் அளவைக் கொடுத்ததே நாம்தான்.

இதில் ஆபத்து இருக்கிறது. பாய்லர் குழாய் பலவீனப்பட்டு வெடிப்பது அதன் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாவதால். தண்ணீரின் சராசரியை மட்டும் பார்த்தால் அது தெரியாது. ஆகவே வெப்பக் கணக்கு பொருந்தாவிட்டால் விடையைத் தள்ளிவிடலாம்; பொருந்தினால் அடுத்த சோதனைக்குப் போகலாம். அறைகளை இன்னும் நுணுக்கி மறுபடி கணக்கிட்டு, சுவர் வெப்பநிலை மாறுகிறதா என்று பார்ப்பதே அந்த அடுத்த சோதனை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. புராஜெக்ட் என்று சொல்லிச் சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தை உங்களிடம் காட்டினால், அழகாயிருக்கிறது என்று பாராட்டுங்கள். கூடவே, "உள்ளே போன சூடெல்லாம் வெளியே வந்ததா, கண்ணு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை தன் பாடத்தைப் புரிந்து படித்திருக்கிறது என்று நம்பலாம்.