குப்பையிலும் உண்டு உயிரியல் வேலை

உயிரியலில் முதுநிலை முடித்துவிட்டு ஆய்வு வேலை தேடுபவர்கள் பெரும்பாலும் தங்கள் பட்டத்தின் பெயரைக் கொண்டே தேடுகிறார்கள். நுண்ணுயிரியல் படித்தவர் நுண்ணுயிரியல் துறைகளைத் தாண்டிப் பார்ப்பதில்லை. ஆனால் தொடக்கநிலைப் பணியிடங்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு விஞ்ஞானிக்குக் கிடைத்த திட்ட நிதியிலிருந்துதான் பிறக்கிறது. அந்த நிதி துறைச் சுவர்களுக்குள் நிற்பதில்லை. ஜப்பானின் சாகாய் நகரில், பாட்டில் மறுசுழற்சி ஆலையருகே எடுத்த மாதிரியில் பெட் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்ததாக 2016-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அதன் நொதியைக் கூர்தீட்ட வந்தவர்கள் புரத அமைப்பை ஆராய்பவர்கள். 2020-ல் ஹைதராபாத்தின் சிசிஎம்பி, ஐஐசிடி ஆய்வு நிறுவனங்களின் விஞ்ஞானிகள் சாக்கடை நீரில் கொரோனா வைரஸின் ஆர்என்ஏவைத் தேடி, நகரில் தொற்றின் பரவலை மதிப்பிட்டார்கள். அது மருத்துவமா, கழிவுநீர் ஆய்வா? ஆர்டி-பிசிஆர் செய்யத் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. ஆகவே, கைவந்த உத்தியின் பெயரால் தேடுவதே பலன் தரும். சென்னை அடையாறில் உள்ள சிஎல்ஆர்ஐ, பெயரளவில் தோல் ஆய்வு நிறுவனம். ஆனால் தோலிலிருந்து முடி நீக்கும் நொதியும் ஆலைக் கழிவும் அங்கே ஆய்வுப் பொருள்கள். உயிரியல் மாணவர்கள் பலர் அந்தப் பெயரைப் பார்த்தே ஒதுங்கிவிடுகிறார்கள்.

வேலை அறிவிப்பில் இன்ன பட்டம் என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். அத்தியாவசியத் தகுதியை மீற முடியாது, உண்மைதான். ஆனால் அந்த வரி பல நேரங்களில் ‘உயிர் அறிவியலில் முதுநிலை’ என்று அகலமாகவே இருக்கும். அதற்குக் கீழே ‘விரும்பத்தக்கது’ என்று வரும் வரியில்தான் விஞ்ஞானிக்கு உண்மையில் வேண்டிய ஆள் யார் என்பது தெரியும்: செல் வளர்ப்பா, குரோமடோகிராஃபியா, களத்தில் மாதிரி சேகரிப்பா. நேர்முகத் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

இன்னும் வலுவான ஆட்சேபம், இவை தற்காலிகப் பணிகள் என்பது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். பணி நிரந்தரம் கோர முடியாது என்று அறிவிப்பிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். இதற்கு முழு மாற்று கிடையாது. நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் மேல். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்த அந்த உதவித்தொகை அவர் பெயரில் வருவது; ஒரு திட்டத்தின் ஆயுளோடு கட்டுண்டதல்ல. அது இல்லாதவர்கள், சேருமுன் திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று கேட்டுவிட வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஆள் எடுப்பதும் நடக்கிறது.