துரித உணவுக் கடையிலும் இதயத்துக்கு நல்லதைக் கேட்டு வாங்கலாம்: மத்தியதரைக் கடல் உணவுமுறை மலைநாட்டுக்கும் பொருந்தும்

லெம்பா பெர்த்தாம் – தக்காளி, முட்டைக்கோஸ், சாலட் இலை, குடைமிளகாய் என்று கேமரன் மலையில் விளையும் காய்கறிகள் லாரி லாரியாகக் கீழே இறங்கி நாடு முழுவதும் செல்கின்றன, சிங்கப்பூருக்கும் போகின்றன. ஆனால் அதே மலையில், வேலை முடிந்து களைத்து வரும் குடும்பங்கள் பல வேளைகளில் இரவு உணவுக்கு வாங்கி வருவது பொரித்த கோழி, உருளைக்கிழங்கு வறுவல், இனிப்புப் பானம். ஊருக்கே காய்கறி அனுப்பும் மலையில், நம் தட்டில் மட்டும் காய்கறி குறைந்து வருகிறது.

இது சாதாரண விஷயமல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது, ஏறக்குறைய மூவரில் ஒருவர். எல்லா இனங்களையும் விட நம் சமூகத்தில்தான் அதிகம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் தேசிய அளவு 15.6 விழுக்காடாகப் பதிவானாலும், பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இன்னும் நீரிழிவு உண்டு.

தோட்டத்துச் சாப்பாடு மாறிய கதை

கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலம் முதல், கொழுந்து பறிக்க வந்த நம் மக்கள் சரிவுகளில் நாள் முழுக்க ஏறி இறங்கினார்கள். சோறு, பருப்பு, கீரை, கொஞ்சம் கருவாடு என்பதுதான் அன்றாடச் சாப்பாடு. இறைச்சி விசேஷ நாளுக்கு உரியது. இன்று கொழுந்து வெட்ட இயந்திரம் வந்துவிட்டது; போக்குவரத்துக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது; பிள்ளைகள் கடைகளிலும் அலுவலகங்களிலும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். உழைப்பு குறைந்தது, ஆனால் சோற்றின் அளவு குறையவில்லை. அதோடு துரித உணவும் சேர்ந்துகொண்டது. நாட்டில் 1963இல் ஏ அண்ட் டபிள்யூ, 1973இல் கேஎஃப்சி, 1982இல் மெக்டொனால்ட்ஸ் என்று வந்த கடைகள் இன்று சிறு பட்டணங்களிலும் வழக்கமாகிவிட்டன.

மத்தியதரைக் கடல் உணவுமுறை என்றால் என்ன?

கிரீஸ், தெற்கு இத்தாலி, ஸ்பெயின் பகுதி மக்களின் பழைய சாப்பாட்டு முறை இது. 1958இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரீட் தீவு மக்களிடையே மாரடைப்பு மிகக் குறைவாக இருப்பது தெரியவந்தது. பின்னர் ஸ்பெயினில் இதய நோய் அபாயம் உள்ள 7,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. 2018இல் திருத்தி மீண்டும் வெளியிடப்பட்டது. ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டை வகைகளுடன் இம்முறையைப் பின்பற்றியோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 விழுக்காடு குறைவாக ஏற்பட்டன.

இதன் அடிப்படை எளிது: காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம் நிறைய, மீன் அடிக்கடி, கோழி அளவாக, ஆடு, மாடு, இனிப்பு எப்போதாவது. நெய், வெண்ணெய்க்குப் பதிலாக ஆலிவ் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்று தயங்க வேண்டியதில்லை. கடலை எண்ணெய் அல்லது கனோலா எண்ணெயை அளவாகப் பயன்படுத்தலாம். ஒரு கைப்பிடி கச்சான், பருப்புச் சாம்பார், கீரை, கெம்போங் மீன் எல்லாம் இதே வழியில் அடங்கும். பார்க்கப்போனால், தோட்டத்துப் பாட்டியின் சமையல் இந்த முறைக்கு மிக அருகில்தான் இருந்தது.

கடையில் என்ன கேட்கலாம்?

* பொரித்ததை விட வாட்டியது மேல். பொரித்த கோழிதான் கிடைக்கும் என்றால், ஒரு துண்டோடு நிறுத்தி, மாவு பூசிய தோலை எடுத்துவிடுங்கள். எண்ணெயும் உப்பும் அதிகம் இருப்பது அதில்தான்.
* பர்கர் வாங்கினால் மயோனீஸ், சீஸ் வேண்டாம் என்று சொல்லி, சாலட் இலையும் தக்காளியும் கூடுதலாகக் கேளுங்கள். மீன் பர்கரும் பொரித்ததே. மீன் என்பதற்காக அளவின்றிச் சாப்பிட முடியாது.
* உருளைக்கிழங்கு வறுவலில் சிறிய பொட்டலம் ஒன்றை வாங்கி இருவர் பகிரலாம். சோளம் கிடைத்தால் அதை எடுக்கலாம். முட்டைக்கோஸ் சாலட்டில் மயோனீஸும் சர்க்கரையும் இருக்கும். சிறிய கிண்ணம் போதும்.
* செட்டோடு வரும் பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர் கேளுங்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரை உள்ள பானம் என்றால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம். ஏறக்குறைய 8 தேக்கரண்டி. ஒரு நாளில் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒட்டுக்கடையிலும் மாமாக் கடையிலும்

நம் மக்களுக்குத் துரித உணவு என்பது பர்கர் மட்டுமல்ல. ரொட்டி சானாய்க்குப் பதிலாக எண்ணெய் விடாத சப்பாத்தி அல்லது தோசை கேட்கலாம். தொட்டுக்கொள்ளக் கெட்டியான பருப்புக் குழம்பு நல்லது. பொரித்த கோழிக்குப் பதில் தந்தூரி அல்லது ஈக்கான் பாக்கார். நாசி சம்பூர் கடையில் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ கணக்கு உதவும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது தாவு, பாதிப் பங்கு காய்கறியும் பழமும். ‘குவா பஞ்சிர்’ என்று சோற்றில் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்வதைத் தவிர்த்தாலே உப்பும் தேங்காய்ப்பாலும் குறையும்.

தேநீர் இந்த மலையின் பெருமை. ஆனால் ஒரு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பாலில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை சேர்கிறது. ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டால் சர்க்கரையே இல்லை. தேயிலையின் மணமும் தெரியும். உடனே முடியாதவர்கள் ‘கூராங் மானிஸ்’ என்று தொடங்கலாம்.

கவனிக்க வேண்டியவை

ஒரு வேளைச் சாப்பாடு யாரையும் நோயாளியாக்குவதில்லை, குணப்படுத்துவதும் இல்லை. வாரத்தின் மொத்தக் கணக்குதான் முக்கியம். வெளியில் சாப்பிட்ட நாளின் அடுத்த வேளை, வீட்டில் கீரையும் பருப்புமாக இருக்கட்டும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளோர் அதைக் குறைக்க வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கக்கூடும். சிறுநீரக நோய் உள்ளோருக்கு எல்லாக் காய்கறியும் பருப்பும் ஏற்றவையல்ல. இவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைக் கேட்ட பிறகே மாற்றம் செய்ய வேண்டும்.

இம்முறைக்குத் தேவையான காய்கறிகள் லெம்பா பெர்த்தாமுக்கு வெளியே இருந்து வர வேண்டியதில்லை. கடையிலிருந்து கோழி வாங்கி வரும் நாளிலும், வீட்டில் இரண்டு தக்காளியும் ஒரு வெள்ளரிக்காயும் நறுக்கி நடுவில் வைத்தால் பிள்ளைகளின் கை அதற்கும் நீளும். மாற்றத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.